ஒரு சாண் நாடா

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல மேல்மாடி நர்ஸ் எழுதுவது. முழங்கால் இரண்டையும் தவிர நான் முழுச் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் அங்கே முழங்கால் உட்பட சுகமாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் அனுப்ப முடியாத ஒன்றை அனுப்ப வேண்டியிருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போதே உறையை உதறிப் பார்க்காதே, பறந்துவிடும்.

பஸ் ஓடாமல் பதினோரு நாள் ஊரே நடந்ததே, அந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா. உனக்கு முன்பல் இரண்டும் விழுந்து, சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாய். ஆபீஸில் நான் ஓட்டின லிப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோய், உள்ளே என்னோடு மாட்டிக்கொண்ட மேனேஜர் முக்கால் மணி நேரம் தன் மாமியாரைப் பற்றி என்னிடம் அழுததும் அதே வருஷம்தான். நானும் நடந்தே வேலைக்குப் போய் நடந்தே வருவேன், வருவதற்குள் இருட்டிவிடும், அதுவரை நீயும் அம்மாவும் டேப் ரிக்கார்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். அப்படி ஒரு நாள் அம்மா துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தபோது அந்தப் படகுப் பாட்டு கேசட்டை டேப் தின்றுவிட்டது. உள்ளே நாடா சுருண்டு சிக்கியதும் நீ அதைக் காப்பாற்றுகிறேன் என்று கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாய். அம்மா அடித்திருந்தால்கூடத் தேவலை, அவள் கேசட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அது அவள் தம்பி முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது, அடுத்த வருஷமே அவன் போய்விட்டான் என்பது உனக்கும் தெரியும்.

மறுநாள் அதை எடுத்துப் போய் ஆபீஸில் மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருந்த கடிகாரக்காரரிடம் கொடுத்தேன். அவர் கண்ணில் பூதக்கண்ணாடிக் குழலை மாட்டி, இடுக்கியால் நாடாவைப் பிடித்து, கசங்கிய இடத்தை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் ஒட்டினார். ஒரு சாண் போச்சு அண்ணே, ஒரு வரி இருக்காது, ஆனா ஆளு பொழைச்சுக்கிட்டான், சுண்டுவிரல்தான் போச்சுன்னு வச்சுக்குங்க என்றார். வீட்டில் போட்டுக் கேட்டோம். இரண்டாவது சரணத்தில் அந்தப் பாடகர் துடுப்பைத் தூக்குகிறார், படக்கென்று ஒரு தாண்டல், உடனே கரையில் நிற்கிறார். நடுவில் ஆற்றையே காணோம்.

அதற்குப் பிறகு அந்த இடம் நம் வீட்டு இடமாகிவிட்டது. அந்தத் தாண்டல் வரும்போது அம்மா கரண்டியால் பாத்திரத்தில் ஒரு தட்டு தட்டுவாள். லாரியை விட்டு இறங்கி வந்தால் உன் சித்தப்பா வாயாலேயே ஒரு ஹாரன் அடிப்பான். கடிகாரக்காரர் லீவு நாளில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு, நம்ம ஒட்டு, நம்ம ஒட்டு என்று விரலைத் தூக்குவார். லிப்ட் தரைக்குச் சமமாக நிற்காதபோது ஒரு காலைத் தூக்கி வைத்து இறங்குவோமே, அப்படி நான் காலைத் தூக்குவேன். நீ பெஞ்சு மேலே தயாராக நின்று, சரியாக அந்த இடத்தில் இரண்டு காலும் சேர்த்துக் குதிப்பாய், அவர் கரையில் இறங்கும்போது நீயும் தரையில் இறங்குவாய், ஒரு நாளும் பிசகினதில்லை. அதனால்தான் சித்தப்பா உனக்குத் தவளை என்று பேர் வைத்தான், பொம்பளப் புள்ளைக்கு வைக்கிற பேரைப் பாரு என்று அம்மா அவனைத் திட்டினாள், திட்டிவிட்டு அவளும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

எனக்கு எண் தெரியும், எட்டு மாடி வரைக்கும். எழுத்து தெரியாது. அதனால் அம்மா ஒவ்வொரு கேசட்டிலும் எனக்காக ஓர் அடையாளம் வைத்திருந்தாள், ஒன்றில் சட்டைப் பித்தான், ஒன்றில் தீக்குச்சி, ஒன்றில் உன் பாவாடைத் துணியில் ஒரு துண்டு. இந்தப் படகுப் பாட்டுக்கு மட்டும் அந்த வெட்டின ஒரு சாண் நாடாவையே பெட்டியைச் சுற்றிக் கட்டிவிட்டாள். பாட்டுக்குள்ளே இல்லாத வரி பாட்டுக்கு வெளியே கட்டியிருந்தது.

நீ அனுப்பிய போனைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். உலகத்தில் இருக்கிற பாட்டெல்லாம் இதில் இருக்கிறது என்றாய், இருக்கிறது, தபலாக்காரர் மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. எனக்குத்தான் படத்தைப் பார்த்துப் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது, சிவப்புப் புடவைக்காரி என்றால் ஒரு பாட்டு, மீசைக்காரன் என்றால் ஒரு பாட்டு. போன மாதம் ஒரு நாள் காலையில் பார்த்தால் சிவப்புப் புடவைக்காரியைக் காணோம், அவள் இடத்தில் யாரோ கண்ணாடி போட்ட ஆள். அவளோடு பாட்டும் ஓடிவிட்டது என்று இரண்டு நாள் தேடினேன். நர்ஸ் வந்து, தாத்தா, படத்தைத்தான் மாத்திட்டாங்க, பாட்டு இங்கேயேதான் இருக்கு என்று சிரிக்கிறாள், இதை எழுதும்போதும் சிரிக்கிறாள். அவள்தான் படகுப் பாட்டையும் எடுத்துக் கொடுத்தாள். வெட்டுவதற்கு முன் கேட்ட வரி மறந்தே போய், இத்தனை வருஷமாக அந்த ஒரு சாணில் என்னவோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிலா வருகிறது, தண்ணீரில் தெரிகிறது, அவ்வளவுதான். காலைத் தூக்கினவன் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

போன வாரம் நீ பேசும்போது பக்கத்தில் சின்னவள் அழுதாள், இருங்கப்பா என்று சொல்லிவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு நீ அந்தப் பாட்டைப் பாடினாய். போனைக் காதோடு ஒட்டிக்கொண்டேன். இரண்டாவது சரணம் வந்தது, துடுப்பைத் தூக்கினாய், நானும் காலைத் தூக்கினேன். நீ நிலாவைப் பாடினாய், தண்ணீரைப் பாடினாய், நிற்கவே இல்லை, நிதானமாக ஆற்றைக் கடந்து கரைக்குப் போனாய். நன்றாகத்தான் பாடினாய், அம்மா குரல் அப்படியே வந்திருக்கிறது உனக்கு. நான் போனை வைத்துவிட்டேன், சிக்னல் இல்லை என்று நீ நினைத்திருப்பாய்.

நீ சொன்னபடியே கீழ்வீட்டுக்கு மாறுகிறேன், படி ஏற வேண்டாம், அறை சின்னது. கேசட்டுகளையும் நீ சொன்னபடி தூக்கிப் போட்டுவிட்டேன், படகுப் பாட்டைத் தவிர. டேப்பில் ரப்பர் பெல்ட் இற்றுப்போய்விட்டது, எந்தக் கடையிலும் இல்லை, இனி அது பாடாது, ஆனாலும் கையில் வைத்துக்கொள்ள ஒன்று வேண்டும். இருப்பது ஒன்றே ஒன்று என்றால் அதற்கு அடையாளம் எதற்கு, அதனால் அந்த ஒரு சாண் நாடாவை அவிழ்த்து இதோடு வைத்திருக்கிறேன். இனி உறையை உதறலாம். பழுப்பு நிறத்தில் கசங்கி இருக்கும், குப்பை என்று நினைத்துவிடாதே. உனக்கு நேரம் கிடைக்கும்போது ஒரே ஒரு தரம் நம் வீட்டுப் பாட்டாகப் பாடி அனுப்பு, அந்த இடத்தில் தாண்டிவிடு. குதிக்க வேண்டாம், உனக்கும் வயசாகிறது.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். மாப்பிள்ளை வேலையில் மேலே மேலே வரட்டும், சின்னவளுக்கு நல்ல காலாக அமையட்டும், குதிக்கிற கால். மூன்று பேரும் நூறு வருஷம் குறைவில்லாமல் இருங்கள். இப்படிக்கு, எழுதத் தெரியாத உன் அப்பா, பெருவிரல் ரேகை கீழே.

ரேகை வைத்து மையைத் துடைத்த பிறகு நர்ஸ் கேட்கிறாள், அந்தத் தாண்டல் வேறு யாருக்காவது தெரியுமா தாத்தா என்று, அதையும் எழுதச் சொல்லிவிட்டேன். சித்தப்பா லாரியோடு போனான். கடிகாரக்காரர் கடையை மூடின வருஷமே போய்விட்டார். அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. என்னைக் கணக்கில் எடுக்காதே, தூக்கின காலை வைக்கவே இப்போது சுவர் வேண்டியிருக்கிறது. அப்புறம் இருப்பது தவளை.