மெல்லக் கரையும் உறை

மகளுக்குக் காலையில் இரும்புச்சத்துத் துளிமருந்து கொடுத்தேன். வாயில் விட்ட வேகத்தில் துப்பிவிட்டாள். சட்டையில் விழுந்த கறையை முகர்ந்து பார்த்தேன். துருப்பிடித்த பூட்டுத் திறப்பின் வாசனை. அதை மூடிவைக்கத்தானே நீயும் நானும் ஆய்வுகூடத்தில் இரண்டு வருடம் கிடந்தோம்.

நீ பயிர்ப் பக்கம் இருந்து வந்தவள். எவ்வளவு மழை அடித்தாலும் ஒரேயடியாகக் கரைந்து ஓடாமல், வேருக்குச் சிறிது சிறிதாக உரத்தை விடும் உருண்டைகளைக் கடற்பாசிப் பசையில் செய்துகொண்டிருந்தாய். நான் போசாக்குப் பக்கம். குழந்தைகளின் கஞ்சியில் இரும்புச்சத்தைக் கலந்தால் நிறமும் சுவையும் கெட்டுவிடுகிறதே என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். இரும்பை மூடிவைக்க உன் பசை உறையை எனக்கு இரவல் தந்தாய்.

"பயிருக்குச் செய்ததைப் பிள்ளையளுக்குக் குடுக்கப் போறியோ? முதல்ல நீ திண்டு காட்டடி."

தின்றேன். ஒரு சுவையும் இல்லை. காதுக்குள் முளை விட்டுவிட்டதா என்று அன்று முழுக்க என்னை எட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தாய்.

பிறகு அதே உறையை இன்னும் நுண்ணியதாக்கி, அதற்குள் புற்றுநோய் மருந்தை வைக்கப் போனாய். ஏன் என்று கேட்டேன். "இப்ப குடுக்கிற மருந்துக்கு விலாசம் தெரியாது. எல்லா வீட்டுக் கதவையும் தட்டும்" என்றாய்.

அந்த மருந்து உனக்கே ஏறத் தொடங்கியபோது, உன் உறை கண்ணாடிக் குழாயைத் தாண்டியிருக்கவில்லை. அதைக் கொஞ்சம் போட்டுப் பார்க்க முடியாதா என்று போனில் கேட்டேன், விசரி மாதிரி. எலிக்கே இன்னும் கொடுக்கவில்லை, அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கிறேன் என்று சிரித்தாய்.

அப்போது எனக்கு ஆறாம் மாதம். கொட்டாஞ்சேனையில் உன் வீட்டுப் பக்கம் வரவே வேண்டாம் என்று நீதான் சொன்னாய். மருந்து உடம்பில் இருக்கும்போது வயிற்றுப்பிள்ளைக்காரி கிட்ட வரக்கூடாது என்றாய். பிறகு உன் செத்தவீட்டுக்கு என் அம்மா விடவில்லை. வயிற்றோடு போகக்கூடாது என்பது அவருக்கு வழக்கம், காரணம் தேவையில்லை.

இப்போது மகளுக்கு எட்டு மாதம். கணவர் வேலைக்குப் போய்விட்டால், வெள்ளவத்தையில் இந்த நாலாம் மாடியில் நானும் அவளும்தான். துப்பியது எவ்வளவு, உள்ளே போனது எவ்வளவு, திரும்பக் கொடுக்கலாமா என்று மனம் அடித்துக்கொள்கிறது. உன்னிடம் கேட்டிருந்தால் ஏதோ பெரிதாக யோசிப்பதாக நடித்துவிட்டு, "பேசாம விடு" என்றிருப்பாய். எனக்கு அது போதுமாயிருந்திருக்கும்.

ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. நீ வரவேண்டாம் என்ற அன்றே நான் தேடி வாசித்துவிட்டேன். உன் கழிவறையைப் பாவிக்காமல், நீ ஓங்காளித்து எடுக்கும் சத்தி, உன் உடுப்பைத் தொடாமல் இருந்தால் போதும். பக்கத்தில் கதிரை போட்டு இருக்கலாம். கையைக்கூடப் பிடிக்கலாம். உனக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? அந்த மருந்தோடுதானே நீ வேலை செய்தாய். வராமல் இருக்க நீ எனக்கு ஒரு சாட்டுத் தந்தாய்; நான் வாங்கிக்கொண்டேன். மெலிந்துபோன உன் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். வேறொன்றுமில்லை.

புறக்கோட்டையில் ஒரு பஸ் மாறினால் உன் வீடு.

அம்மா வரும் நாட்களில் மகளைத் தூக்கிக் கொஞ்சுவார். கொஞ்சிக்கொண்டே, "நல்ல காலம், நீ அங்க போகேல்ல" என்பார்.

நான் ஓம் என்று தலையாட்டுகிறேன்.