நேர்ச்சையும் உதட்டுப் புண்ணும்

1958 ஜனவரி 15, புதன்

வாடைக்காற்று. வள்ளம் எதுவும் கடலில் இறங்கவில்லை. மேலுதட்டுப் புண் காசளவு ஆகிவிட்டது. நாக்கு ஓரத்தில் இன்னொன்று. கஞ்சிகூட எரிகிறது. ஞாயிறு சாயங்காலம் செபஸ்தியார் சப்பரம். கோயில் படியில் நின்று நான் தனியாகக் கார்னட் குழல் ஊத வேண்டும். அது கேட்ட பிறகுதான் மேளம், அப்புறம்தான் சப்பரத்துக்குத் தோள் கொடுப்பார்கள்.

வயிற்றுச் சூடு என்கிறாள் பிலோமி. மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால். எனக்குக் கருவாடு கூடாதாம். கட்டிக்கொண்ட பாவத்துக்கு அவளும் தின்னவில்லை.

ஜன. 16, வியாழன்

ஆஸ்பத்திரி. நீல மருந்து தடவினார்கள். ஊதாமல் இரு என்றார் கம்பவுண்டர். அதற்கா அவரிடம் போனேன்? உதடு நாவல்பழம் தின்ற மாதிரி. ரோசி பார்த்துச் சிரிக்கிறாள். மூன்று வயசு. ஐப்பசிக் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்த பிள்ளை. "இவளைக் கொடுத்திடும். உம்ம சப்பரத்துக்கு நானே ஊதுறேன்" என்று அன்றைக்குச் செபஸ்தியார் காலடியில் நேர்ந்துகொண்டேன். அவர் கொடுத்துவிட்டார். இப்போது என் முறை.

பேண்டு மாஸ்டர் வந்தார். "இந்த வருசம் சவரிமுத்து ஊதட்டும்ப்பா. வாய் ஆறட்டும்." சவரிமுத்து என்னைவிட நன்றாகவே ஊதுவான். ஆனால் காய்ச்சல் வந்தது அவன் பிள்ளைக்கா? நேர்ச்சையைச் சொல்லி, முடியாது என்றேன்.

ஜன. 17, வெள்ளி

படிகாரத் தண்ணீர் கொப்பளித்தேன். ஒரு வரிகூட ஊத முடியவில்லை. இரத்தம். சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல. கார்னட்டைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன், உதடு வைத்து ஊதும் மவுத்பீஸ் மஞ்சளாகத் தகதகக்கிறது. வெள்ளி முலாம் எங்கே? வெறும் பித்தளை. விளிம்பில் புளிப்பு, பித்தளைக் களிம்பு வாடை. பிலோமியைக் கேட்டேன்.

"நீங்க நேர்ந்துக்கிட்டதிலேருந்து தினமும் நாந்தான் புளி போட்டு விளக்குறேன். சாமிக்கு ஊதுறதாச்சே."

ஐப்பசியிலிருந்து அந்தக் களிம்பில் உதட்டை அழுத்தி ஊதியிருக்கிறேன். புண் வராமல் என்ன வரும்? அவளிடம் சொல்லவில்லை. இனி நானே துடைத்துக்கொள்கிறேன் என்றேன். முகம் வாடிவிட்டது.

ஜன. 18, சனி

மவுத்பீஸை வெந்நீரில் போட்டு, தேங்காயெண்ணெய் தடவி வைத்தேன். இனிச் செய்து என்ன? இன்றைக்கு ஊதவில்லை. யாரிடமும் பேச்சில்லை, செபஸ்தியாரிடம் மட்டும். முதலில் கெஞ்சல், பிறகு சண்டை. உடம்பெல்லாம் அம்பு பட்டவர், இந்த வலி தெரியாதா அவருக்கு? சாயங்காலம் ரோசிக்கு இரண்டு தும்மல். எனக்கு உயிரே போய்விட்டது.

ஜன. 19, ஞாயிறு

படியில் நின்றேன். முதல் ஸ்வரம் வந்தது. இரண்டாவதில் உதடு பிளந்தது. அப்புறம் வெறும் காற்று. சப்பரத்தடியில் ஆட்கள் அப்படியே நிற்கிறார்கள். ஊரே பார்க்கிறது. சவரிமுத்து தன் கார்னட்டைத் தூக்கினான். மாஸ்டர் கையமர்த்தினார், நேர்ச்சை அவருக்குத் தெரியும். மறுபடி ஊதினேன். காற்றுதான். ஐயோ, காற்றுதான்.

அப்போது பிலோமி, இடுப்பில் ரோசியோடு, குலவை போட்டாள். கூட்டத்தில் வாய் திறக்காதவள். பக்கத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மேளத்தில் அடி விழுந்தது. சப்பரம் எழும்பியது.

"சாமிக்குக் கேட்டிருக்கும்ங்க" என்றாள் வீட்டில். எனக்கே கேட்கவில்லையே.

ஜன. 20, திங்கள்

காற்று அடங்கியிருக்கிறது. வள்ளங்கள் போய்விட்டன. நான் போகவில்லை. உதடு வீங்கிக் கிடக்கிறது, கிடக்கட்டும். பிலோமி புளியும் கையுமாகக் கார்னட்டை விளக்க உட்கார்ந்தாள். தடுக்கவில்லை. இனி யார் ஊதப்போகிறார்கள்?

ரோசி தூங்குகிறாள். நெற்றியைத் தொட்டேன். குளிர்ச்சிதான். என் கைதான் சில்லென்று இருக்கிறதோ என்னவோ. கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு மறுபடி தொட்டேன்.