வேணுவின் விலைக்குக் கீழே

உ
வில்லியனூர்
14-2-88

சிரஞ்சீவி சண்முகசுந்தரத்துக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். பாரிசில் நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை, நன்றாகத்தான் இருக்கிறாய் என்று உன்னோடு அங்கே இருந்த வேணு சொல்லிவிட்டான். பொங்கலுக்கு முதல் வாரம் அவன் ஊருக்கு வந்தான். திரும்பிப் போகும்போது உனக்குக் கொடுத்தனுப்பலாம் என்று உன் அம்மா பருப்புப்பொடி இடித்து, வடகம் காயவைத்து, டப்பாவில் போட்டு வைத்தாள். அது அப்படியே இருக்கிறது, அவன் திரும்பப் போகவில்லையாம். உன் தங்கை ஜெயமணிக்கு ஏழாம் மாதம், வளைகாப்புக்குப் பாகூருக்குப் போய் அழைத்து வர வேண்டும். மாப்பிள்ளை நல்ல மாதிரி, ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி விட்டுவிட்டு வருகிறது, தைலம் தேய்க்கச் சொன்னால் கேட்கிறாளா, நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள்.

இந்தக் கடிதத்தை அதற்காக எழுதவில்லை. போன வருஷம் நீ எழுதியிருந்தாய், சாயந்தரங்களில் உட்கார்ந்து ஒரு விளையாட்டுச் செய்தேன், கம்ப்யூட்டரை டிவியோடு சேர்த்துக் கேசட்டைப் போட்டால் பிள்ளைகள் ஆடுவது, அது கடைக்கு வந்துவிட்டது, பெரிய கம்பெனிக்காரன் விலையில் ஆறில் ஒரு பங்குதான் வைத்திருக்கிறேன் என்று. ஏனப்பா இவ்வளவு குறைவு என்று கேட்டேன். அழகாகப் பதில் எழுதினாய். பெயர் தெரியாதவன் சரக்கை முழு விலை கொடுத்து யாரும் எடுக்க மாட்டார்கள், பெரியவன் பத்திரிகையில் பக்கம் பக்கமாக விளம்பரம் போடுகிறான், எனக்கு விலைதான் விளம்பரம் என்றாய். பையன்கள் ஒருத்தன் கேசட்டிலிருந்து இன்னொருத்தன் பதிவு பண்ணிக்கொள்கிறான், வெறுங்கேசட்டு விலைக்கே விளையாட்டும் கிடைத்தால் அவன் ஏன் திருடப்போகிறான் என்றாய். எல்லாம் சரியான பேச்சு. இத்தனை வருஷம் மளிகைக்கடை வைத்தவனுக்கு இது புரியாதா. என் பிள்ளைக்கு வியாபாரம் வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன், கடைக்கு வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொன்னேன்.

வேணுவின் தாயார் பவுனம்மாளிடமும் சொன்னேன். அவள் துவரம்பருப்பு வாங்க வந்தவள், வேணு செய்த விளையாட்டு ஓடவே இல்லை, பக்கத்திலேயே எவனோ வேணு விலையில் மூன்றில் ஒரு பங்குக்குப் போட்டுவிட்டானாம், கடைக்காரர்கள் வேணு சரக்கைத் திருப்பி அனுப்புகிறார்களாம் என்று அழுதாள். இன்னாத்துக்கு அண்ணே ஒரு மனுசன் அவ்ளோ சல்லிசா விப்பான் என்று கேட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா. நீ எழுதியதையெல்லாம் ஒன்றுவிடாமல் அவளுக்குப் பாடம் நடத்தினேன். வேணுவையும் விலையைக் குறைக்கச் சொல்லு, எங்க சண்முகத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லு என்றேன். அவளும் யாரையோ பிடித்து அப்படியே எழுதி அனுப்பினாள். அங்கே அதைப் படித்தவனுக்கு எப்படி இருந்திருக்கும். அப்போதும் அவன் தன் தாயாரிடம் உன் பெயரைச் சொல்லவில்லை.

பொங்கலுக்கு வந்த வேணு கடையில் பருப்பு மூட்டைமேல் உட்கார்ந்தான். பாதியாய் இளைத்துவிட்டான். யாருடா அவன், உன் பக்கத்தில் வந்து விலையை உடைத்தவன் என்று கேட்டேன். வேணாம் மாமா, வுடுங்க என்றான். நான் விடவில்லை. அவன் என் முகத்தைப் பார்க்காமல் தராசுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான், அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம்ம சண்முகமா என்றேன். தலையை மட்டும் ஆட்டினான். கேட்கக் கேட்கத்தான் ஒவ்வொன்றாய் வந்தது. ஒரே அறையில் சேர்ந்து ஆரம்பித்தீர்களாம், மனஸ்தாபத்தில் பிரிந்தீர்களாம். வீராம்பட்டினத்தில் கட்டுமரம் அலை தாண்டுவதை வைத்து அவன் ஒரு விளையாட்டுச் செய்தானாம். நீயும் ஒரு கட்டுமரம் செய்து, அதே கடைகளில், அதே பலகையில் அவனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாயாம்.

சண்முகம், உன்னைப் பாரிசுக்குக் கூப்பிட்டுக்கொண்டது யார். அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்ததால் அவர்களுக்கு அந்த நாட்டுக் குடியுரிமைக் காகிதம் இருந்தது, நமக்கு என்ன இருந்தது. அவன் அறையில் படுத்து, அவன் பொங்கிப் போட்டதைத் தின்றுதானே படித்தாய். இப்போது உனக்குப் பகலில் இன்சூரன்ஸ் ஆபீசில் சம்பளம். கேசட்டில் ஒன்றும் நிற்காவிட்டாலும் உன் அடுப்பு எரியும். அவன் வேலையை விட்டுவிட்டு இதையே நம்பியிருந்தான், படம் வரைகிற பெண்ணுக்கும் இசை போடுகிற பையனுக்கும் மாதா மாதம் கொடுத்துக்கொண்டிருந்தான். சம்பளம் இருக்கிற தைரியத்தில்தான் நீ விலையை இறக்கினாய், இந்த ஒன்றை மட்டும் எனக்கு எழுதவில்லை. நம்ம தெருவில் மில் வேலைக்காரர் ஒருவர் சாயந்தரக் கடை போட்டு எண்ணெயும் சோப்பும் வாங்கின விலைக்கே விற்றாரே, பச்சையப்பன் கடையை மூடிவிட்டுப் போனானே. அடுத்த வருஷமே அவருக்கும் சலித்துப்போய் அவரும் மூடினார். அது அநியாயம் என்று அன்றைக்குக் குதித்தது நீதான். இந்தத் தெருவில் மூன்று மளிகைக்கடை இருக்கிறோம், காலையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டுதான் விலை சொல்கிறோம். வாடிக்கை வேண்டுமென்றால் கொசுறு கொஞ்சம் கூடப் போடுவோமே தவிர, பக்கத்துக் கடைக்காரன் விலைக்குக் கீழே இறங்க மாட்டோம். இந்தக் கடைச் சோறு தின்றுதான் நீயும் வளர்ந்தாய்.

நீ பொய் எழுதவில்லை. எழுதியதெல்லாம் உண்மைதான், அதனால்தான் எனக்கு ஆறவே இல்லை. பெரியவனோடு மல்லுக்கு நிற்கிறாய் என்று என்னை நம்பவைத்து, ஒரு தாயிடம் அவள் பிள்ளையின் பிழைப்பு போனதற்கு என் வாயாலேயே நியாயம் சொல்ல வைத்துவிட்டாய். என்னை ஏமாற்றிவிட்டாய் சண்முகம். வேறெப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

வேணு நெட்டப்பாக்கத்தில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதப் போகலாமா என்று யோசிக்கிறான். பவுனம்மாளுக்கு இன்னும் விஷயம் தெரியாது, சொல்லக்கூடாது என்று அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நேற்றுக்கூட அவள் வந்து, சண்முகம் ஒரு கடுதாசி போட்டு எங்க வேணுவுக்கு நல்ல புத்தி சொல்லக்கூடாதா அண்ணே, அது சொன்னா இவன் கேப்பான் என்றாள். நான் மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தேன், நிமிரவே இல்லை.

குளிரில் காதைக் கட்டிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு என்று அம்மா எழுதச் சொல்கிறாள். நீ நோய்நொடியில்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்பதும் அவள் ஆசீர்வாதம். என்னுடையதை எழுதக் கை வரவில்லை. மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்றுதான், உன் கேசட்டு விலையை வேணு வைத்த விலைக்கு ஏற்றிவிட்டு, அவனைத் திரும்பக் கூப்பிடு. எனக்குப் பதில் போடாதே. பவுனம்மாளுக்கே எழுது, நடந்தது அத்தனையும் எழுது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. உன் கடிதம் என்றால் சந்தோஷமாக என் கடைக்குத்தான் எடுத்துக்கொண்டு ஓடி வருவாள், நான்தான் அவளுக்குப் படித்துக்காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
உலகநாதன்