தலைகீழாக ஒரு இலை

மார்ச் 4, செவ்வாய்

எலுமிச்சை சோப்பு வெட்டும் நாள். நாத்தனார் வெட்டினால் எல்லாம் ஒரே அளவு. நான் வெட்டினால் ஒன்று செங்கல், இன்னொன்று சீட்டுக்கட்டு. நடுவில் பதிவுத் தபால் வந்தது. பிரித்துப் படித்துவிட்டு அப்படியே எலுமிச்சைத் தோல் கூடை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

சலவைத்தூள் விற்கிற பெரிய கம்பெனி ஒன்றின் வக்கீல் நோட்டீஸ். என் சோப்புப் பெட்டியில் இருக்கும் குருவி அவர்களுடைய குருவியாம். பெட்டிகளை எல்லாம் அழித்துவிட்டு, "தெரிந்தே நகலெடுத்தேன்" என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். பதினைந்து நாள் கெடு.

திருடியா? நானா? அவர்கள் குருவியை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை!

மார்ச் 5, புதன்

பதில் போட்டுவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. "இது என் கையால் வரைந்த குருவி. உங்களால் ஆனதைப் பார்த்துக்கொள்ளுங்கள்." பதிவுத் தபாலுக்குப் பதிவுத் தபால்.

என் கையாலா? சரி, இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். வரைந்தது தம்பியின் போனில் இருக்கும் ஏஐ. "கிளை மேல் உட்கார்ந்த குருவி, சோப்புப் பெட்டிக்கு, எளிமையாக" என்று அவன் தட்டினான். டீ ஆறுவதற்குள் எட்டுக் குருவி வந்து நின்றது. நான் நாலாவதைக் காட்டினேன். தேர்ந்தெடுத்தது என் கண்தானே? கோபத்தில் அந்த வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தது.

மார்ச் 7, வெள்ளி

நாத்தனார் என்னை வக்கீலிடம் இழுத்துக்கொண்டு போனாள். வக்கீல் அம்மா நோட்டீஸின் கடைசிப் பக்கத்தை விரித்தார். இரண்டு குருவியும் பக்கத்தில் பக்கத்தில். அவர்கள் குருவியின் கிளைக்கு அடியில் ஓர் இலை – நுனி கிளையில் ஒட்டியிருக்கிறது, காம்பு காற்றில் நிற்கிறது. அவர்கள் ஓவியர் எந்தக் காலத்திலோ செய்த பிழை. என் குருவியிலும் அதே இலை, அதே பிழை. சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள். நான் நாலாவதை எடுத்ததே அந்த இலைக்காகத்தான். புதுசா இருக்கே என்று!

"இத எப்படிம்மா விளக்குவீங்க?"

"நான் பாக்கவே இல்லைங்க. ஏஐ வரைஞ்சது."

"நீங்க பாக்கல. அது பாத்திருக்கு. ஆனா பெட்டியில போட்டு வித்தது நீங்க. பதில் சொல்ல வேண்டியதும் நீங்கதான்."

அந்த ஏஐ கம்பெனி பொறுப்பேற்காதா என்றேன். அந்த ஏஐயில் சேரும்போது "சம்மதம்" தட்டின பக்கத்தைப் படித்தீர்களா என்றார். யார் படித்தார்கள்? இன்னொன்றும் சொன்னார்: மனுஷர் யாரும் வரையாத படத்துக்கு உரிமை கேட்பதே கஷ்டமாம். நாளைக்கு யாராவது என் குருவியை எடுத்துப் போட்டுக்கொண்டாலும் நான் வாயைத் திறப்பது சிரமம்.

பிறகு என் பதிலின் நகலைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கையால வரைஞ்சதா? அப்ப மொதல்ல போட்டுப் பாத்த கிறுக்கல் எல்லாம் கேப்பாங்களே. இருக்கா?"

நாத்தனார் என்னைப் பார்த்தாள். என்னிடம் ஒரு கிறுக்கல்கூட இல்லை.

மார்ச் 8, சனி

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இன்றைக்கு இவ்வளவுதான்.

மார்ச் 11, செவ்வாய்

தம்பி ஏழு தாளோடு வந்தான். பென்சில் குருவிகள். பழசாகத் தெரிய டீயில் நனைத்துக் காயவைத்திருக்கிறான், போன வருஷத் தேதியும் போட்டிருக்கிறான்.

"யாருக்குக்கா தெரியப் போகுது? நாலாவது தாள்ல இலையத் தலைகீழா போட்டிருக்கேன் பாரு. தானா வந்த மாதிரியே இருக்கும்."

ஒரு நிமிஷம் ஆசையாக இருந்தது, மறைக்க மாட்டேன். அந்த இலையைப் பார்த்ததும்தான் சுருக்கென்றது. ஒரு வாரமாகத் திருடி இல்லை, திருடி இல்லை என்று கத்திக்கொண்டிருக்கிறேன். இதை நீட்டினால் நிஜமாகவே திருடிதான். ஏழு தாளையும் கிழித்து வாளியில் போட்டேன்.

"அப்ப தோத்துட்டுப் போறியா?"

"யாருடா தோக்குறது? பொய்ய வச்சு ஜெயிக்கிறதுக்கு நான் எதுக்குடா சண்டை போடணும்?"

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான். டீ குடிக்காமல் போனது மட்டும் உறுத்துகிறது.

மார்ச் 19, புதன்

கெடுவின் கடைசி நாள். அவர்கள் அலுவலகம், கண்ணாடி அறை, பல் கிட்டுகிற குளிர். வக்கீல் அம்மா வாயைத் திறக்கும் முன் நான் திறந்தேன்.

"கடுதாசியில எழுதுனது பொய். ஏஐ வரைஞ்சது. அதுக்கு மன்னிச்சிருங்க. குருவிய எடுத்துடுறேன், பெட்டியெல்லாம் அழிச்சுடுறேன்."

அதிகாரி ஒரு தாளை நகர்த்தினார். முழுதும் படித்தேன். இனிமேல் எதையும் படிக்காமல் சம்மதிப்பதில்லை. மூன்றாவது வரி: தெரிந்தே நகலெடுத்தேன். "தெரிந்தே" மேல் கோடு போட்டு அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

"அந்த வார்த்தை இல்லாம ஒத்துக்க முடியாதும்மா."

"அப்ப கோர்ட்டுல பாக்கலாம். அங்கயும் இதத்தான் சொல்லுவேன். பொய் சொன்னேன், ஒத்துக்கிட்டேன். திருடல, அத ஒத்துக்க மாட்டேன். உங்க ஓவியர் படத்த அதுக்கு யாரு காட்டுனாங்கன்னு அந்த ஏஐக்காரங்கள நிக்க வச்சுக் கேளுங்க. சோப்புக்காரிதான் கெடைச்சாளா?"

வக்கீல் அம்மா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். மிதிக்கட்டும்.

மார்ச் 24, திங்கள்

பதில் இல்லை. அந்த வார்த்தையை மட்டும் போட மாட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

கடிதம் வந்துவிட்டது. ஒத்துக்கொண்டார்கள். "தெரிந்தே" இல்லை!

பெட்டிகளை நானும் நாத்தனாரும் மிதித்து நசுக்கினோம். ஒரு வருஷப் பெட்டி. அழுகை வந்தது, அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுப் பென்சிலை எடுத்தேன்.

"அண்ணி, இது குருவியா, உருளைக்கிழங்கா?"

"குருவிதான்டி. வாய மூடு."

தேதி போட்டு வைத்தேன். கெட்டுப்போனதையும் கிழிக்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

காலையில் கடையில் ஒரு அம்மா, "அந்த உருளைக்கிழங்கு போட்ட சோப்பு இருக்கா?" என்றார். "குருவிங்க அது" என்றேன். எடுத்துக் கொடுத்தேன்.

மதியம் டிரேட்மார்க் விண்ணப்பத்தோடு வக்கீல் அம்மாவிடம் போனேன். தம்பிதான் வண்டியில் கொண்டுபோய் விட்டான். என் புதுக் குருவி ஏற்கெனவே பதிவான குருவிகளில் எதையாவது ஒத்திருக்கிறதா என்று அவர் அலுவலகத்தில் முன்பே தேடிப் பார்த்துவிட்டார்களாம். எதுவும் இதைப்போல் இல்லை. நான் தேதி போட்டு வைத்த நாற்பத்தொரு தாளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசித் தாளைத் தனியே எடுத்து வைத்தார்.

"கடமைக்குக் கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இத வரைஞ்சது யாரு?"

"இவ்வளவு கேவலமா வேற யாருங்க வரைவாங்க?"

சிரித்துக்கொண்டே என் பெயரை எழுதினார்.