சுகோ வளைவில் இரண்டு பதாகைகள்

மே 19, ஞாயிறு

பந்தயத்துக்கு முன் ரசிகர்களைக் கார்கள் பக்கம் விடும் அரைமணி நேரத்தில், கார் ஓட்டும் அரிதோமி அவளைப் பார்த்து, "மினேகோ சான், மறுபடியும் வந்துட்டீங்களா!" என்றான். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

தெருவில் ஓடுகிற அதே நாலு கதவுக் கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பறக்கிற இந்தப் பந்தயத்துக்காக, அவன் பின்னால் பதினோரு வருடமாக ஊர் ஊராக அலைகிறவள் நான். அவன் கடைசி இடத்தில் வந்தபோதும் தொண்டை கிழியக் கத்தியவள். மீனை அரைத்துப் பலகாரம் செய்யும் ஆலையில் பக்கத்து மேஜைக்காரியான இவளைப் போன வருடம் "சும்மா வாடி" என்று கூட்டிப்போனதும் நான்தான். எனக்கு ஒரு தலையாட்டல். அவளை 'சான்' என்று மரியாதை சேர்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்!

மே 20

வயிறு எரிகிறது. வேறென்ன எழுத?

ஜூலை 6

மினேகோ பதாகை தைத்திருக்கிறாள். ஆறு மீட்டர், பளிச்சென்ற சிவப்பு, அவன் பெயர் ஆளுயரத்துக்கு. என்னுடையது நாலு மீட்டர், வெளுத்தது.

"அக்கா, உங்களதுக்குப் பக்கத்துலயே கட்டிக்கட்டுமா?"

கட்டிக்கோ என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

ஆகஸ்ட் 4, சுகோ பந்தயத் திடல்

எழுதிவிட வேண்டும்.

காலையில் கடைசி வளைவின் வேலியில் கட்டினோம். நல்ல மலைக்காற்று. அவள் துணியில் காற்று போக ஓட்டையே இல்லை. நாலைந்து இடத்தில் பிறை மாதிரி வெட்டிவிடாவிட்டால் துணி படகுப் பாயாக உப்பிக் கயிற்றை அறுத்துவிடும். பதாகை கட்டுகிறவர்கள் முதல் வருடமே கற்றுக்கொள்வது. என் பையில் கத்தரிக்கோல் இருந்தது.

"அக்கா, சரியா இருக்கா?"

"சரியாத்தான் இருக்கு."

அறுந்து விழட்டும், கொஞ்சம் அவமானப்படட்டும் — அவ்வளவுதான் நினைச்சேன். சத்தியமா அவ்வளவுதான்.

அரிதோமி முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தான். வாழ்க்கையிலேயே முதல் முறை! மிச்சம் மூன்று சுற்று. அப்போதுதான் கயிறு அறுந்தது. துணி பறந்துபோய் அவன் காரின் முகப்பிலேயே போர்த்திக்கொண்டது. அவன் பெயர் எழுதிய துணி. இன்ஜினுக்குக் காற்று போகாமல் ஆவி பொங்கி, கார் மேட்டில் நின்றுவிட்டது. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!

மினேகோ அழுதபடியே அணியின் கூடாரத்துக்குப் போய், ஒவ்வொருவர் முன்னாலும் இடுப்பை வளைத்து மன்னிப்புக் கேட்டாள். நானும் கூடக் குனிந்தேன். துணைக்கு வந்தவளாம்!

ஆகஸ்ட் 19

"இனிமே வரலக்கா. அவர் முகத்துல எப்படி முழிப்பேன்? அன்னிக்கு நீங்க மட்டும்தான் கூட நின்னீங்க," என்றாள் மினேகோ.

கத்தரிக்கோல் என் பையில் இருந்ததை நான் சொல்லவில்லை.

நவம்பர் 3, ஃபுஜி

அரிதோமியின் கடைசிப் பந்தயம். ஒன்பதாவதாக வந்தான். ஒரு வெற்றிகூட இல்லாமலே முடித்துக்கொண்டான்.

கையெழுத்துக்குத் தொப்பியை நீட்டினேன்.

"மினேகோ சான் வரலையா? அன்னிக்கு அவங்க அழுதது இன்னும் மனசுல நிக்குது. காத்து அடிச்சா யார் என்ன பண்ண முடியும், சொல்லுங்க?"

காற்றாம்.

அவன் பேனாவைத் திறந்து நிமிர்ந்து பார்த்தான். "உங்க பேரு?"

பதினோரு வருடமாக இந்த ஒரு கேள்விக்குத்தானே அலைந்தேன்?

"மினேகோன்னு எழுதுங்க," என்றேன்.

நாளைக் காலை அவள் வீட்டுக்குப் போகிறேன். முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் வாங்கிக்கொண்டால் தொப்பியைக் கொடுக்க வேண்டும்.