மூன்று குவளை மிளகாய்

அன்புள்ள அண்ணா, இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். சொல்வது அம்மா, எழுதுவது நான். அம்மாவின் வலது கையில் ஊசி குத்திக் குழாய் மாட்டியிருக்கிறார்கள், அதனால்தான். அடைப்புக்குறிக்குள் வருவது மட்டும் என்னுடைய சொந்த வார்த்தை. இனி அம்மா.

என் அன்பு மகனுக்கு, நாங்கள் இங்கே இருக்கிறோம், நீ கப்பலில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். (வழக்கம்போல "நலம்" என்றுதான் அம்மா ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு எப்படி அம்மா என்று கேட்டேன். "சரி, இருக்கோம்னு போடு, அது பொய்யில்லையே" என்றாள்.) உனக்கு மேலே இருக்கிற பெரிய சமையற்காரர் இன்னும் கரண்டியால் முட்டியில் தட்டுகிறாரா? கப்பல் ஆடும்போது எண்ணெய்ச் சட்டியை விட்டுத் தள்ளி நில். போன துறைமுகத்திலிருந்து நீ போட்ட கடிதம் வந்தது. நான் சொல்லி அனுப்பிய அளவில் நீ அரைத்த மிளகாய்த்தூளைப் போட்டுச் சமைத்ததும் கப்பலில் இருபது பேரும் சிரித்தார்கள், செங்கல் பொடியா என்று கேட்டார்கள் என்று எழுதியிருந்தாய். "ஊருக்கெல்லாம் ஒரு சாமானை ஒளிச்சுச் சொல்ற மாதிரி எனக்கும் ஒளிச்சிட்டியாம்மா" என்றும் கேட்டிருந்தாய். அந்த வரியை மட்டும் இவளை மூன்று தடவை படிக்கச் சொன்னேன். உன்னிடம் நான் எதையும் ஒளிக்கவில்லையடா. அளவைத் தப்பாக எழுதிவிட்டாள் என்று தங்கையையும் திட்டியிருந்தாய். பாவம், அவள் எனாமல் குவளையின் வாயை ஸ்கேலால் வழித்து வழித்து அளந்தாள். அவள் அளந்தது சரி. என் நாக்குதான் தப்பு.

நான் எப்போதடா மிளகாயை அளந்திருக்கிறேன்? கொத்தமல்லி விதை நான்கு குவளை, சீரகம் கால், மிளகு அதில் பாதி, விரல் நீளத்தில் இரண்டு மஞ்சள், இதெல்லாம் கணக்கு. மிளகாயை மட்டும் கை போன போக்கில் வறுத்துப் போட்டு, அரைத்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, போதாவிட்டால் இன்னொரு கை. மூன்று மாதமாக நாக்கில் வைத்தாலே நெருப்பு. மிளகாய்தான் காரம் ஏறி வருகிறது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு கை குறைத்தேன். நீ அளவு கேட்டு எழுதியபோது அது குறைந்து குறைந்து மூன்று குவளையில் நின்றிருந்தது, அதைத்தான் உனக்கு அனுப்பினோம். என்னிடம் தூள் வாங்குகிறவர்கள் சப்பென்று இருக்கிறது என்று பொட்டலத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். தையற்கடைக்காரி, "என்னக்கா, இது மூஞ்சிக்குப் பூசற பவுடரா" என்றாள், அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டேன். உன் அப்பா மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. (அப்பா பட்டறைச் சட்டையின் பையில் பச்சை மிளகாய் வைத்திருந்தார். அம்மா தண்ணீர் எடுக்கத் திரும்பும்போது ஒன்றைக் கடித்துக்கொள்வார். நான் பார்த்தேன், நானும் சொல்லவில்லை. அம்மாவின் மனசு நோகும் என்று இரண்டு பேருமே நினைத்தோம். அண்ணா, இந்த வரியை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.)

போன மாதம் மிளகாய்க் கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன். பையைக் கடை வாசலில் கொட்டி, "மிளகாய் விக்கிறியா, திராவகம் விக்கிறியா" என்று கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு மிளகாயைக் காம்போடு வாயில் போட்டு, கடலை மாதிரி மென்று காட்டினார். "அதே பழைய சரக்குதான்க்கா, உங்க நாக்கைத்தான் மாத்தணும்" என்றார். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வீம்பு வந்து, பாருய்யா என்று நாக்கை நீட்டினேன். அவரும் விளையாட்டுக்கு டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கொட்டிய மிளகாயை அவரே குனிந்து அள்ளினார். "அக்கா, நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க, தள்ளிப் போடாதீங்க" என்று அடங்கின குரலில் சொன்னார். அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தேன். நாக்கு ஓரத்தில் சின்னப் புண், எடுத்துவிட்டால் சரியாகிவிடும், நீ கவலைப்படாதே.

(சின்னப் புண் இல்லை அண்ணா. புற்றுநோய். நாளை மறுநாள் காலையில் நாக்கில் பாதியை எடுக்கிறார்கள். பேச்சு பழையபடி இருக்காது, புதிதாகப் பழக வேண்டும் என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். இந்தக் கடிதம் உன் அடுத்த துறைமுகத்துக்கு வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.)

இப்போது அளவைத் திருத்திக்கொள். முன்பெல்லாம் நான் வாங்கிய மிளகாய் இப்போது வாங்குவதைப் போல் இரட்டிப்பு என்று கடைக்காரர் சொல்கிறார். நீ ஐந்து குவளையில் ஆரம்பி. காம்பைக் கிள்ளிவிடு, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு வறு, கமறல் குறையும். கறுக விடாதே. நன்றாக ஆறின பிறகு அரை, உப்புக்காற்றுப் படாமல் இறுக்கமான டின்னில் வை. பிறகு ருசி பார், ஒவ்வொரு கையாகக் கூட்டு. எங்கே நிறுத்துவது என்று கேட்காதே, எனக்கு இனிமேல் தெரியாது. அப்பாவின் நாக்கு புகையிலையில் பாதி செத்துவிட்டது, இவள் காரத்தைக் கழுவித் தின்கிறவள். இருபது வருடம் என் கைக்காரத்தைத் தின்ற நாக்கு உன்னிடம்தான் இருக்கிறது. அது போதும் என்று சொல்கிற இடத்தில் நிறுத்து.

(எழுதியதைப் படித்துக்காட்டச் சொன்னாள். அடைப்புக்குறிகளையும் சேர்த்தே படித்தேன். பச்சை மிளகாய் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். புற்றுநோய் வந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அந்த வரிகளை அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். திரும்பாமலே, "எதையும் ஒளிக்கலைன்னு மேலே அவனுக்கு எழுதியிருக்கோமே, இருக்கட்டும் விடு" என்றாள். பிறகு "டேய் வத்தல்" என்று ஒரு தடவை உன்னைக் கூப்பிட்டாள், அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். எழுதிவிட்டேன். ஆனால் அம்மா கூப்பிட்டது போல இல்லை.)

வத்தல், உடம்பைப் பார்த்துக்கொள், நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். சரியான காரம் வந்ததும் ஒரு பொட்டலம் கட்டி அனுப்ப மறக்காதே. மிச்சம் இருக்கிற பாதி நாக்கில் வைத்துப் பார்க்கிறேன். எனக்குத் தெரிந்தால் இவளை விட்டு எழுதச் சொல்கிறேன், தெரியாவிட்டாலும் எழுதச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா

(கையெழுத்தை அம்மா இடது கையால் போட்டிருக்கிறாள், அதனால்தான் கோணல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இந்த வார்டில் எல்லாரும் தூங்க வேண்டும். நர்ஸ் வந்து பேனாவை மூடச் சொல்லிவிட்டு, விளக்குகளை அணைத்துவிட்டார். இதை ஜன்னல் வெளிச்சத்தில் முடிக்கிறேன்.)