டொம் என்ற சொல்

ஒக்ரோபர் 11, சனி
டென்மார்க்கின் இந்தப் பிராண்டேயில் விடாத மழை. மகளின் கைத்துப்பாக்கி வீட்டுக்கு வந்தாயிற்று. சுடும் கழகத்தில் எப்போதோ சேர்ந்தவள், பொலிஸ் அனுமதி இப்போதுதான். இரும்புப் பெட்டி அவள் அறைச் சுவரில். தோட்டா வேறு பூட்டில்.

இவர் எட்டியும் பார்க்கவில்லை. "ஒண்டில் அது, ஒண்டில் நான். அது இருக்கிற வீட்டில எனக்குச் சோறு இறங்காது." சொல்லிவிட்டு மறுசோறு போட்டார். மகள் தனி வீடு பார்க்கிறாளாம். அதுதான் எனக்குப் பயம், துப்பாக்கி அல்ல.

ஒக்ரோபர் 12, ஞாயிறு
குசினி மேசையில் துப்பாக்கித் துப்புரவு. பழைய பேப்பர் விரித்து, யன்னல் திறந்து, என் இடியப்பத் தட்டுகளைத் தூர வைத்து. "சாப்பாட்டுச் சாமான் கிட்ட இருக்கக்கூடாது அம்மா. ஈயம்."

நான் கதிரையை இழுத்துப்போட்டுப் பார்த்தேன். தோட்டாக் கூட்டைக் கழற்றினாள். மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தினாள். உள்ளே பார்த்தாள், சின்ன விரலையும் விட்டுப் பார்த்தாள். பிறகு உரத்து, "டொம்!"

முன்னறையில் இவரின் தேத்தண்ணி முழுக்கக் கம்பளத்தில்.

டேனிஷில் அதற்கு 'காலி' என்று பொருள். வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் நானே நாள் முழுக்கச் சொல்லும் சொல். பால் பெட்டி டொம், மருந்துப் போத்தல் டொம். துப்பாக்கிக்குப் பக்கத்தில் மட்டும் அது வெடிச்சத்தம்.

"வேற என்னெண்டு சொல்லுறது?" என்றாள். பாவம், அவளுக்கு விளங்கவில்லை.

ஒக்ரோபர் 14, செவ்வாய்
தையல் மெசின் எண்ணெய் விடலாமா என்று கேட்டேன். சிரிக்கிறாள். அதற்கென்று வேறு எண்ணெயாம். அதையும் ஒரு துளி விட்டு, பிறகு துடைத்து எடுக்க வேணுமாம். பிறகு ஏன் விடவேணும்?
இவர் அவளோடு இன்னும் கதைக்கவில்லை.

ஒக்ரோபர் 18, சனி
குளிர். பயிற்சி முடிந்து வந்து மறுபடி துடைப்பு. இன்னொருவரும் உள்ளே பார்த்துக் காலி என்று சொல்லவேண்டும், கழக வழக்கம். நான் மூக்குக்கண்ணாடி தேட, இவர் குசினி வாசலில்.

"நான் பாக்கிறன். எதாலை?"

"பின்பக்கத்தாலை அப்பா."

குனிந்தார். நிமிரவே இல்லை.

"எனக்கு முன்பக்கம்தான் தெரியும்," என்றார். "ஊரில ஆமி செக்பொயின்ரில நெத்தியில வைச்சவங்கள். உள்ளுக்குத் தோட்டா இருந்ததோ இல்லையோ, இண்டைக்கும் தெரியாது."

மகள் முன்பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பிடித்தாள்.

இவர் சின்ன விரலை உள்ளே விட்டார்.

"டொம்," என்றார்.